கீழக்கரை வீடு, துபாய் வீட்டுக்காரர்: ஒரு வாடகை வீட்டின் நிகழ்வு ஆய்வு

கடலிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, தெற்குப் பார்த்த வீடு. தரைத்தளம், மேலே ஒரு மாடி, இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி மின் இணைப்பு. கட்டி 19 ஆண்டு. வீட்டுக்காரர் துபாயில், குடும்பமும் அங்கேயே. கீழே ஒரு வங்கி ஊழியர் குடும்பம், மேலே ஒரு கல்லூரி ஆசிரியர் குடும்பம். வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய், ஆக 24,000.

இது எந்த ஒருவருடைய வீடும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், மண்டபம், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுகத் திரும்பத் திரும்பப் பார்க்கிற கோளாறுகளை ஒரே கூரைக்குள் வைத்திருக்கிறோம். ரூபாய்க் கணக்கும் அளவு காட்டத்தான். ஆளைத் தேடாமல் வீட்டைப் பாருங்கள்.

முதல் இரண்டு ஆண்டு

ஏற்பாடு எல்லோரும் செய்வதுதான். மச்சான் ஊரில் இருக்கிறார், மச்சான் பார்த்துக்கொள்வார். வாடகையை ரொக்கமாக வாங்குவது அவர். குழாய்க்காரரைக் கூப்பிடுவதும் கூலி கொடுப்பதும் அவர். மாதக் கடைசியில் "செலவு போக இவ்வளவு" என்று ஒரு குரல் செய்தி போடுவார். மிச்சம் வீட்டுக்காரருடைய பழைய சேமிப்புக் கணக்கில் விழும்.

இரண்டு ஆண்டில் ஒரு மாதம்கூட வீடு காலியாக இல்லை. வரவேண்டிய வாடகை 5,76,000. கணக்கில் விழுந்தது 4,10,000. இடையில் நின்ற 1,66,000க்கு ரசீது என்று கையில் கிடைத்தது 38,000 அளவுக்கு.

மச்சான் காசைத் தின்றுவிட்டார் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். மோட்டார், சன்ஷேட், தண்ணீர் லாரி என்று பெரும்பகுதி உண்மையாகவே செலவானதுதான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. பழுதைப் பார்த்துச் சொல்பவர், பழுதுக்கு ஆள் வைப்பவர், ஆளுக்குக் காசு கொடுப்பவர் மூவரும் ஒருவரே. "பில் எங்கே மச்சான்?" என்று கேட்க வீட்டுக்காரருக்குக் கூச்சம். சம்பளமில்லாத வேலைக்குக் கணக்கு எழுத மச்சானுக்குச் சலிப்பு. கேட்டிருந்தால் உறவு கெட்டிருக்கும், கேட்காததால் வீடு கெட்டது.

அதன் பிறகு செய்த மாற்றம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. கண், கை, காசு மூன்றையும் பிரித்தார்கள். கண்ணாக, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர்: மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க 500 ரூபாய். உபகாரமாக வேண்டாம், கூலியாகவே. அப்போதுதான் "இந்த மாதம் போகலையா?" என்று கேட்க வாய் வரும். கையாக, ஒரு குழாய்க்காரர், ஒரு மின்காரர், ஒரு கொத்தனார். மூவருடைய எண்ணும் குடியிருப்பவர்களிடம் உண்டு. காசு மட்டும் வீட்டுக்காரரிடம். மச்சானிடம் ஒரு மாற்றுச் சாவிக் கொத்து, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டது. உறை பிரிந்திருந்தால் ஏன் பிரிந்தது என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான் அவர் பொறுப்பு. அவருக்கும் நிம்மதி.

மோட்டார்

இந்த வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர்: குளிக்க, கழிப்பறைக்கு. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதும் லாரியில் வாங்குவதும் நல்ல தண்ணீர்: தரைக்கடியில் உள்ள சம்பில் இறங்கி, அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டாரில் மாடித் தொட்டிக்கு ஏறும். இந்த இரண்டாவது மோட்டாரின் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பி) எட்டு மாதத்தில் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் ரீவைண்டிங் செய்து மாட்டினார்கள். மூன்றாவது முறை பழுது பார்ப்பவரின் போன் நேரே துபாய்க்கு வந்தது ('காக்கா' என்றால் இங்கே அண்ணன்).

"காக்கா, மோட்டார் திரும்பவும் காயில் போயிருச்சு. ரீவைண்டிங் பண்ணிரலாமா?"

"தம்பி, ரீவைண்டிங் இருக்கட்டும். மொதல்ல ஃபுட்வால்வத் தூக்கி வெளியில வச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்க."

"அது சம்புக்குள்ள அடியில கெடக்கு காக்கா. தண்ணிய எறைக்கணும்."

"எறைங்க. அதுக்கும் சேத்துக் கூலி போட்டுக்கங்க."

படத்தில் தெரிந்தது இது. ஃபுட்வால்வின் (ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்க உறிஞ்சுகுழாயின் அடியில் இருப்பது) மடிப்புத் தகடு சரியாக உட்காரவில்லை. விளிம்பில் மணலும் சுண்ணாம்புப் படிவும். வால்வு சம்பின் தரையைத் தொட்டுக் கிடந்தது. லாரித் தண்ணீரோடு இறங்கும் வண்டல் முழுக்க அங்கேதான் சேரும். மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் மெல்லச் சம்புக்கே இறங்கிவிடுகிறது. மறுநாள் சுவிட்சைப் போட்டால் மோட்டார் வெறும் காற்றைச் சுற்றுகிறது. தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்காமல் குடியிருப்பவர் வேலைக்குப் போய்விட்டால் சீல் கருகும், அடுத்து காயில். ஆக, ரீவைண்டிங் கடைக்கு இரண்டு முறை கொடுத்த காசு நோய்க்கு அல்ல, காய்ச்சலுக்கு.

சரிசெய்த விதம்: சம்பை இறைத்துக் கழுவினார்கள். புது ஃபுட்வால்வைச் சல்லடையோடு தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். சம்பில் தண்ணீர் குறைந்தாலும் மேல்தொட்டி நிறைந்தாலும் தானே நிறுத்தும் தானியங்கிக் கருவி ஒன்று. கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குள் வெறும் கம்பி நுனியை விட்டு மட்டம் பார்க்கும் வகை இந்தக் கரைக்கு ஆகாது; உப்புப் படிந்து சில மாதத்திலேயே பொய் சொல்லும். காந்த மிதவை உள்ள வகை நிற்கும்.

மோட்டாரில் இன்னொரு தகராறும் இருந்தது. அது கீழ்வீட்டு மின் இணைப்பில் ஓடுகிறது, தண்ணீர் இரண்டு வீட்டுக்கும். பொது இணைப்பு தனியாக வாங்கலாம். ஆனால் அது வேறு கட்டண வகை, வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட் சலுகை அதற்குக் கிடையாது. இரண்டே வீடு என்பதால், மோட்டார் கம்பியில் ஒரு துணை மீட்டர் வைத்து, ஓடிய யூனிட்டில் பாதியை மேல்வீட்டார் கீழ்வீட்டாருக்குக் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். சண்டை நின்றது.

மின் கட்டணம் ஒரு கண்

வெளிநாட்டிலிருப்பவருக்கு வீட்டைப் பற்றிப் பொய் சொல்லாத சாட்சி மின் அளவீடுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுப்பார்கள். இணைப்பு எண் கையில் இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் பயன்பாட்டுக் கணக்கைப் பார்க்கலாம். "காலியாக இருக்கிறது" என்று சொல்லப்பட்ட வீட்டில் 140 யூனிட் ஓடியிருந்தால் யாரோ இருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டில் 10 யூனிட் என்றால் குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது, அல்லது மீட்டர் பழுது. ஒரு கிலோவாட் இழுக்கும் மோட்டார் நாளைக்கு இரண்டு மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட் கூடும். 180 ஓடிய வீடு திடீரென்று 300 காட்டினால், குளிர்சாதனம் வாங்கினீர்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் எங்கோ தண்ணீர் கசிகிறது.

500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விகிதமும் சேர்ந்தே மாறும். அதனால்தான் இரண்டு குடித்தனத்தை ஒரே மீட்டரில் வைப்பது யாருக்கும் கட்டாது.

கட்டணத்தைக் குடியிருப்பவரே கட்டுகிறார் என்றாலும், இணைப்போடு பதிந்த கைபேசி எண் வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். அதற்கு இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். வங்கி, ஆதார், வருமான வரி, பத்திரப் பதிவு எல்லாவற்றின் ஒருமுறைக் கடவு எண்ணும் அந்த ஒரே எண்ணுக்குத்தான் வருகிறது. குறைந்தபட்ச ரீசார்ஜை ஊருக்கு யாரையும் கேட்காமல் தாமே போட்டுக்கொள்வது நல்லது.

சன்ஷேட்

தெற்கு முகத்து சன்ஷேட்டின் அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல், அதில் துருக்கறை. மச்சான் காலத்தில் கொத்தனார் சிமெண்டுக் கலவையை அப்பி வெள்ளை அடித்தார். அடுத்த மழைக்குள் முறம் அளவு பாளம் வாசலில் விழுந்தது. யார் தலையிலும் விழாதது அதிர்ஷ்டம்.

காற்றோடு வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியாகக் கம்பிவரை போகிறது. கம்பி துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு வீங்கும். வீங்கிய கம்பி தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். மேலே அப்பினால் உப்பு உள்ளேயே இருக்கிறது, வீக்கமும் நிற்பதில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலைக் 'கடுமை' வகையில் வைத்து, எம்30 கலவையும் கம்பிக்கு 45 மி.மீ. மூடலும் கேட்கிறது. பழைய வீட்டு சன்ஷேட்டில் 15 மி.மீ. இருந்தால் அதிகம். அதனால் தளமும் தூணும் நன்றாக இருக்கும்போதே சன்ஷேட் முதலில் போகும்.

கீழக்கரையில் தெற்கு முகம் முதலில் அடிபடும். மன்னார் வளைகுடாவிலிருந்து வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான் (தென்மேற்குக்) காற்று உப்பையும் மணலையும் அள்ளிப் போடும். தொண்டி, தேவிபட்டினம் வீடுகளில் பாக் விரிகுடாவைப் பார்த்த கிழக்கு முகமும் வாடைக்காற்றும். பூச்சுக்குச் செலவழிக்கக் காசு குறைவென்றால் அந்த ஒரு முகத்துக்கு மட்டும் நல்ல பூச்சு போதும்.

முறையான வேலை இப்படி. சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் கெட்டி, 'டொக்' என்றால் உள்ளே விட்டிருக்கிறது. விட்ட இடம் முழுக்க வெட்டி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குல அளவு தோண்டி, கம்பி பளபளப்பாகும்வரை கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு துத்தநாக ப்ரைமர், ஒட்டும் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த சாந்தை அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாக. கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீர்தான். வாசலில் இருக்கிற ஆழ்துளைக் குழாயைத் திறந்து கலவை போட்டால், வெட்டி எடுத்த உப்பை நாமே திரும்ப ஊட்டுகிறோம். இரும்புக் கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அதே தரநிலை. இந்த வேலைக்கு நாலு குடம் காவிரித் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்கும், பக்கத்து இரண்டடி அடுத்த ஆண்டு வெடிக்கும். ஒட்டு கெட்டுப்போனதால் அல்ல. முன்பு துருவைத் தன்மேல் இழுத்துக்கொண்டிருந்த இடத்தைச் சரிசெய்ததும் துரு பக்கத்துக்கு நகர்கிறது. அதனால் பாதி சன்ஷேட்டுக்குப் பேரம் பேசாமல் முழு நீளத்தையும் தட்டிப் பார்த்துச் சேர்த்தே செய்வது மலிவு.

துபாயிலிருந்து இதை எப்படிக் கண்காணிப்பது? கூலியைப் படத்தோடு கட்டிவிட்டார்கள். வெட்டி முடித்து, கம்பிப் பின்புறம் தெரிய, அளவு நாடாவை வைத்து எடுத்த படம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு. ப்ரைமர் அடித்த படத்துக்கு அடுத்த பங்கு. நனைத்த ஏழாம் நாள் கண்ணாக இருப்பவர் தட்டிப் பார்த்துச் சொன்னதும் மிச்சம். கொத்தனாருக்கு முதலில் எரிச்சல்தான். ஆனால் காசு நேரே கைபேசிக்கு வந்து விழுகிறது என்றதும் படம் தானாக வந்தது. அமீரகம், சவூதி, கத்தார், ஓமான், சிங்கப்பூர் எண்களிலிருந்தே என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்தை வைக்கும் ரூபாய்க் கணக்கு) யூ.பி.ஐ. வைக்க 2023 முதல் வழி இருக்கிறது.

வேலைக்கு மாதம்: மாசி, பங்குனி. சுவர் காய்ந்திருக்கும், கச்சான் இன்னும் வந்திருக்காது.

மொட்டைமாடி

இதில் சொல்ல அதிகமில்லை, செய்யத்தான் ஆளில்லை. ஆவணிக் கடைசிக்குள் மழைநீர்க் குழாய்களின் வாயிலுள்ள வேப்பிலையும் காக்காய்க் குச்சியும் எடுக்கப்பட வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளில் குழாய் அடைத்த மாடி குளமாகும். தட்டோட்டு இணைப்பில் இறங்கும் தண்ணீர் எங்கே வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கசிவு வேலை முடிந்தது என்று கொத்தனார் சொன்னால், குழாய் வாயைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்த பிறகே காசு.

கண்ணாக இருப்பவரிடம் மாதாமாதம் கேட்ட படங்கள் எட்டு: மின் மீட்டர், சம்பு மூடி, மோட்டார், மாடித் தொட்டியின் அடிப்பகுதி, தெற்கு சன்ஷேட்டின் அடி, மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே உள்ள கூரை, மழைநீர்க் குழாய் வாய், கழிவுநீர்த் தொட்டி மூடி. எப்போதும் அதே இடத்தில் நின்று எடுத்தவை. அழகான படம் வேண்டாம், போன மாதப் படத்தோடு ஒப்பிடக்கூடிய படம் வேண்டும். வீட்டுக்குள் எடுக்க வேண்டியவற்றுக்குக் குடியிருப்பவரிடம் 24 மணி நேரம் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது, மரியாதையும் அதுதான்.

ஒத்தி

முதல் ஆண்டிலேயே கீழ்வீட்டை ஒத்திக்கு விடலாம் என்று பேச்சு வந்தது. மூன்று லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் மூன்று ஆண்டு குடியிருக்க விடுவது. முடிவில் முதலைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது. தென்மாவட்டங்களில் ஊறிப்போன வழக்கம். விசாவுக்கோ கல்யாணத்துக்கோ மொத்தப் பணம் தேவைப்படுகிறவருக்கு வசதிதான்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம். வட்டி கணக்குப் போட்டால் தெரியும்: மூன்று லட்சத்துக்கு மாதம் 12,000 வாடகையை விடுவது ஆண்டுக்கு 48 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியது போல. அதைவிட, ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவுசெய்யப்பட வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். திருப்பித் தரவேண்டிய நாளில் பணம் தயாராக இல்லாவிட்டால் வீடு கைக்கு வராது. மச்சான் பெயரில் எழுதிய தாளுக்கு வீட்டுக்காரர் கட்டுப்பட்டவரா என்ற வழக்கு வேறு. 20,000 அல்லது அதற்கு மேல் கடனோ வைப்போ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தில் அதே அளவு அபராதம் வரைக்கும் போகும். இந்த வீட்டில் பேச்சோடு நின்றது நல்லதாயிற்று.

ஒப்பந்தமும் பவரும்

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாய்ப்பேச்சு வாடகைக்கு அதில் இடமில்லை; எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் அரசின் இணையதளம் வழியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளரிடம் போக வேண்டாம் என்பது சரி. வாடகை அதிகாரியிடமும் போக வேண்டாம் என்பது தவறு. முன்பணம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மூன்று மாத வாடகை. இங்கே 36,000.

எந்தப் பழுது யாருடையது என்று சட்டத்தின் அட்டவணை பிரிக்கிறது: கட்டடம், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி வீட்டுக்காரருக்கு, குழாய்த் திருகு, சுவிட்சு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு குடியிருப்பவருக்கு. ஊருக்கு இது பொருத்தம்தான், குழாய்த் திருகு தவிர. உப்புத் தண்ணீரில் குரோம் பூசிய பித்தளைக் குழாய் ஒன்றிரண்டு ஆண்டில் உப்புப் பூத்து இறுகிவிடும். அது குடியிருப்பவர் குற்றமில்லை. இந்த வீட்டில் உப்புத் தண்ணீர் வரும் இடமெல்லாம் பிளாஸ்டிக் குழாய்த் திருகு போட்டு, அதன் மாற்றுச் செலவு வீட்டுக்காரருடையது என்று எழுதினார்கள். எழுபது, எண்பது ரூபாய்ச் சாமானுக்காகத் துபாய்க்கு போன் வருவது அதோடு நின்றது.

பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) யாருக்கும் பொதுப் பவராகக் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட, வாடகை அதிகாரி முன்பும் வாடகை நீதிமன்றத்திலும் ஆஜராக, மின்வாரியத்திலும் நகராட்சியிலும் மனுக் கொடுக்க என்று எண்ணிக் கொடுத்த அதிகாரம் மட்டும். விற்க, அடமானம் வைக்க, ஒத்திக்கு விட, வாடகையைப் பெற அதிகாரமில்லை என்று தனியே ஒரு வரி. இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். தாள் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டு, தேவைப்படும் நாளில் அலமாரியிலிருந்து எடுக்கிறவர்கள் அதிகம். வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அஞ்சல் முத்திரையில் இருப்பது வந்த தேதி.

வாடகை நின்றால்: ஐந்தாம் தேதி கெடு, ஆறாம் தேதி ஒரு செய்தி. இரண்டு மாத நிலுவை ஆனதும் ஒப்புதலோடு விரைவு அஞ்சலில் அறிவிப்பு (பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது). அறிவிப்புக்குப் பின் ஒரு மாதம் பார்த்துவிட்டு வாடகை நீதிமன்றத்தில் மனு. தண்ணீர்க் குழாயை மூடுவது, மின்சாரத்தைப் பிடுங்குவது என்று ஊரிலிருந்து யோசனை சொல்வார்கள். சட்டம் வெளிப்படையாகத் தடுத்திருக்கிற செயல் அது. நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நிமிடமே புரண்டுவிடும்.

இரண்டாவது டி.டி.எஸ்.

இந்தக் கரையில் வாடகை வீட்டுக்கு டி.டி.எஸ். இரண்டு. ஒன்று கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, மற்றது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி. முதலாவதை எல்லோரும் அளப்பார்கள்.

வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குடியிருப்பவர் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதத் தீர்வையும், ஆக 31.2 சதவீதம் பிடித்துக் கட்டியபிறகே மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். மாதம் 50,000க்கு மேல்தான் பிடித்தம் என்று பலர் சொல்வது உள்நாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கான விதி. 12,000இல் பிடித்தம் 3,744, கைக்கு 8,256. இரண்டு வீட்டுக்கும் ஆண்டுக்கு 89,856 ரூபாய் அரசிடம் போய் நிற்கும்.

உண்மையில் வரி எவ்வளவு? ஆண்டு வாடகை 2,88,000. கட்டிய சொத்து வரி 4,800 கழித்தால் 2,83,200. அதில் 30 சதவீத நிலைக்கழிவு 84,960 போக 1,98,240. பழைய முறையில் 2,50,000, புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 4,00,000 வரை வரி இல்லை. வேறு இந்திய வருமானம் இல்லாவிட்டால் வரி பூச்சியம். 89,856உம் திரும்ப வரவேண்டிய பணம், ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். வைப்புத்தொகை வட்டி சேர்ந்து வரம்பைத் தாண்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: குறைந்த வருமானக்காரருக்கு வரியைத் தள்ளிவிடும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி வெளிநாடுவாழ்பவருக்குக் கிடையாது.

முன்கூட்டியே தடுக்க வழி, 13ஆம் படிவத்தில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தச் சான்று வாங்குவது. நிதியாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடியிருப்பவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்குவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27க்யூ (வெளிநாடுவாழ்பவரிடம் பிடித்த வரியின் கணக்கு) தாக்கல் செய்வதும் அதனால் தப்பாது; தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய். வங்கி ஊழியருக்கோ ஆசிரியருக்கோ இது புது வேலை. அந்தத் தாக்கலை ஒரு கணக்காளரிடம் கொடுத்து, கட்டணத்தை வீட்டுக்காரரே ஏற்பது நியாயம். சொல்லிய எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவும் படிவமும் வேறு எண் பெறுகின்றன, கடமை அப்படியே இருக்கிறது.

பிடிக்காமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்பார்கள். கீழ்வீட்டு வங்கி ஊழியர் பழைய முறையில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்கிறார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். எண் போய்ச் சேர்ந்த இடத்தில் வெளிநாடுவாழ்பவர் என்று இருக்கிறது. முதல் கடிதம் வீட்டுக்காரருக்கு வராது, குடியிருப்பவருக்கு வரும்: பிடிக்காத வரி, அதற்கு மாதம் ஒரு சதவீத வட்டி. நல்ல குடித்தனக்காரரை இழக்க இதைவிடச் சுருக்கமான வழியில்லை.

"உம்மா கணக்குல போட்டுருங்க" என்று அம்மாவின் கணக்கைக் காட்டுவதும் உதவாது. பத்திரம் யார் பெயரிலோ வருமானமும் அவருடையதே. வெளிநாடு போனபிறகும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பதும் அந்நியச் செலாவணி விதிக்கு முரண்; என்.ஆர்.ஓ.வாக மாற்றி வாடகையை நேரே அதில் வாங்க வேண்டும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் குறையும். அதே நாளில் வில்லங்கத்தையும் இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம். தெரியாத பதிவு ஏதாவது ஏறியிருந்தால் ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

காலி செய்தபோது

கீழ்வீட்டாருக்குப் பரமக்குடிக்கு மாறுதல் வந்தது. ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்தார்கள். காலி செய்த அன்று காலை, கண்ணாக இருப்பவர் குடிவந்த நாளில் எடுத்த படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். துபாய்க்கும் கீழக்கரைக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே ஏழரை, இங்கே ஒன்பது. வேலைக்குக் கிளம்புமுன் வீட்டுக்காரரும் காணொலியில் இருந்தார். மின் மீட்டர், துணை மீட்டர் இரண்டின் எண்ணும் படம் பிடித்து, அதுவரையிலான கட்டணம் பிரிக்கப்பட்டது. சாவி ஆறு கொடுத்தது, ஆறும் வந்தது. உடைந்தது ஒரு ஜன்னல் கண்ணாடியும் இரண்டு சுவிட்சும்: 640 ரூபாய். சுவரில் ஆணி ஓட்டைகளுக்கும் சமையலறைப் புகைக் கறைக்கும் காசு பிடிக்கவில்லை, வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் கணக்கு.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் ஒரு மாதம் தருகிறது. ஒன்பதாம் நாள் 35,360 போய்ச் சேர்ந்தது, கண்ணாடிக் கடை ரசீதோடு. அந்த அன்றே பழைய குடித்தனக்காரர் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் எண்ணை அனுப்பினார். வீடு பதினோரு நாள்தான் காலி. அந்த நாட்களில் சம்பைக் கழுவி, மோட்டாரைக் கழற்றி எண்ணெய் விட்டு, வாசல் பூட்டின் உள்ளுருளையை மாற்றினார்கள். மச்சானிடம் இருந்த உறை ஒட்டியது ஒட்டியபடியே வந்தது. பழைய சாவியை எடுத்துவிட்டுப் புதிய சாவியைப் போட்டு, மேலே திரும்பக் கையெழுத்து.